நிரப்பிய பள்ளம்

இந்தக் கதையில் கேட்பவர் மூத்தவர். பதில் சொல்பவர் இளையவர்.

அருமைநாயகம் ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகளுக்கு ஷெட் கட்டியே தலை நரைத்தவர். ஊர் சாத்தான்குளம் பக்கம். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு ஓர் ஆசை வந்தது. உணவகங்களை வடிவமைக்கும் தாட்சாயணியிடம் போய் நின்றார். தாட்சாயணி அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஜப்பானில் உணவகங்களுக்கென்றே வேலை செய்யும் ஒரு தச்சுப் பட்டறையில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர்.

“உங்களுக்கு நான் என்ன சார் சொல்லிக்கொடுக்கறது?” என்றார் தாட்சாயணி.

“இதுவரைக்கும் நான் கட்டின இடத்துல எல்லாம் மெஷின்தான் உக்காந்திருக்கு மேடம். மனுசன் உக்கார்ற மாதிரி ஒண்ணு கட்டணும்.”

“நாளைக்கு வாங்க.”

அன்றிலிருந்து ஒருவர் மேடம் என்றார், மற்றவர் சார் என்றார். குரு, சீடர் என்ற சொற்கள் இருவர் வாயிலும் வந்ததில்லை.

முதல் வேலை நிஷிமுராவின் கடை.

நிஷிமுரா சமையல்காரர். ஒரு ஜப்பானியக் கம்பெனியின் விருந்தினர் விடுதியில் பல வருடங்கள் சமைத்தவர். அங்கே சமையலறைக்கும் சாப்பிடும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே தட்டு போகும், அதன் வழியே திரும்பி வரும். பரிமாற வேறு ஆட்கள். சாப்பிட்டவர்கள் முகத்தை அவர் பார்த்ததில்லை. அவர் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை.

அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு இங்கே வேலை முடியப்போகிறது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம் ஏறுகிறார்கள். போனால் போனதுதான், திரும்ப வர மாட்டார்கள். அன்று மதியம் அவர்களுக்குத் தன் சொந்தக் கடையில், தன் கையால், முகம் பார்த்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நிஷிமுரா தாட்சாயணியிடம் கேட்டது இது ஒன்றுதான். சுவர் எப்படி, விளக்கு எப்படி, நாற்காலி எப்படி என்று அவர் எதையும் சொல்லவில்லை.

வேலை பாதியில் இருக்கும்போது தாட்சாயணியின் அப்பாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. அவர் சேலம் போனார்.

“பாத்துக்குங்க சார்.”

“நீங்க கவலைப்படாம போய்ட்டு வாங்க மேடம்.”

அருமைநாயகம் நன்றாகவே பார்த்துக்கொண்டார். மண்ணோடு வைக்கோல் கலந்து சுவர் பூசியாயிற்று. வாசலில் நீலத் துணி தொங்கியது. சமையல்காரருக்கும் சாப்பிடுகிறவர்களுக்கும் நடுவே ஒரே நீளப் பலகை, முடிச்சு இல்லாத வெளிர் மரம். பலகைக்கு இந்தப் பக்கம் நாற்காலிகள். அந்தப் பக்கம் நிஷிமுரா நிற்கும் இடம். அங்கே தரை வழுவழுவென்று டைல் போட்டு முடிந்திருந்தது.

கன்னியப்பன் மேஸ்திரிக்குச் சுவர்மேல் மட்டும் குறை.

“டைல்ஸ் வாங்க வக்கில்லாதவன் மண்ணு பூசுவான் சார். இங்க டைல்ஸ் கம்பெனியையே வாங்கறவன் வந்து சாப்பிடப் போறான், அவனுக்கு மண்ணு பூசறோம்.”

“பேசாம பூசுடே.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நாள் முன்பு நிஷிமுரா வந்து பார்த்தார்.

நீலத் துணியை விலக்கிக் குனிந்து நுழைந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

“நல்லாருக்கு.”

அவருடைய தமிழ், விடுதியில் பாத்திரம் கழுவுகிறவர்களிடம் கற்றது. அதில் எல்லா ஆண்களும் அண்ணா. பாதிக்குமேல் கட்டளைகள்.

பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

“அண்ணா, உக்காரு.”

அருமைநாயகம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிஷிமுரா பலகையில் கை வைத்தார். முதுகு வளைந்தது. நிமிர்ந்தார். மறுபடி கை வைத்தார், மறுபடி வளைந்தது. பிறகு ஒரு காரியம் செய்தார். கைகளைப் பலகையிலேயே வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்தார். அவர் கண் அருமைநாயகத்தின் கண்ணுக்கு நேராக வந்தது. சிரித்தார். கால் நடுங்கத் தொடங்கியது. எழுந்துகொண்டார்.

கொண்டுவந்து வைத்த டீயைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து ஒருமுறை தலை வணங்கிவிட்டு வெளியே போனார்.

“இன்னா சார், முரா சாருக்கு முட்டி வலியா?” என்றார் கன்னியப்பன்.

“தெரியலையே.”

“எங்க மாமா இப்படித்தான் பாதி உக்காந்து பாதி எழுந்திருப்பாரு. ஒரு தைலம் இருக்குது. நாளைக்கு எடுத்தாரேன்.”

அருமைநாயகத்துக்கு அது முட்டி வலி என்று தோன்றவில்லை. என்னவென்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை தாட்சாயணி வந்து இறங்கினார். வருவதாகச் சொல்லியிருக்கவில்லை.

“அப்பா எப்படி இருக்காங்க மேடம்?”

“கட்டுப் பிரிச்சாச்சு. பேப்பர் படிக்கிறார். நேத்து நிஷிமுரா போன் பண்ணினார்.”

“என்ன சொன்னாரு?”

“சுவர் நல்லா வந்திருக்குன்னார்.”

“ஆமா மேடம், இங்கயும் அதத்தான் சொன்னாரு.”

“சுவரைப் பத்தி மட்டுமே ரொம்ப நேரம் பேசினார், பலகையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அதான் கிளம்பி வந்துட்டேன்.”

தாட்சாயணி பலகையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். காலடியைப் பார்த்தார்.

“இங்க ஒரு பள்ளம் இருந்ததே சார்.”

“நெரப்பியாச்சு மேடம்.”

“நிரப்பியாச்சா?”

“பைப் எல்லாம் படுக்கவெச்சு, செங்கல் சல்லி கொட்டி, நல்லா இடிச்சு, மட்டம் பாத்துத்தான் டைல் ஒட்டினோம். ஒரு நூல் ஏறி இறங்கலை. தண்ணி ஊத்திப் பாருங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. நம் ஊரில் குளியலறையானாலும் சமையலறையானாலும் தளம் போடும்போது அந்த இடத்தைப் பள்ளமாக விடுவார்கள். குழாய்களை அதற்குள் போட்டு, சல்லி கொட்டி மூடி, மற்றத் தரையோடு சமமாக்குவார்கள். அருமைநாயகம் ஆயுள் முழுக்கப் பள்ளங்களை நிரப்பியவர். ஒரு பள்ளத்தை நிரப்பாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

“அது பைப்புக்கு விட்ட பள்ளம் இல்லை சார். அவருக்கு விட்டது.”

“யாருக்கு?”

“நிஷிமுராவுக்கு. அவர் அதுக்குள்ள நிக்கணும்.”

அருமைநாயகத்துக்கு முதலில் காதில் விழுந்தது பிடிபடவில்லை. பிடிபட்டதும் சின்னதாகக் கோபம் வந்தது.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்?”

“கேளுங்க.”

“அவ்வளவு பெரிய சமையல்காரரு. அவரக் கொண்டுபோய் ஏன் பள்ளத்துல நிறுத்தணும்? எங்க ஊர்ல ஒருத்தருக்கு மரியாதை செய்யணும்னா மேடை போட்டு மேல ஏத்துவோம். சமைச்சுப் போடுறவன் கீழ, திங்கிறவன் மேலயா?”

தாட்சாயணி வாசல் பக்கம் திரும்பினார்.

“டீ இருக்கா?”

கன்னியப்பன் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போனார்.

“நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க சார்.”

அருமைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். தாட்சாயணி பலகைக்குப் பின்னால் நின்றபடி கிளாஸில் டீ ஊற்றினார். மேலிருந்து நீட்டினார். அருமைநாயகம் பாதி எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஏன் எழுந்தீங்க?”

“தெரியலை மேடம். நீங்க நிக்கிறீங்கள்லா.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

“சீனி போதுமா?”

அண்ணாந்து பார்த்து, “போதும் மேடம்,” என்றார்.

“சூடு?”

“சரியா இருக்கு மேடம்.”

“வேற ஏதாவது வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம் மேடம்.”

தாட்சாயணி சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒரு பெயின்ட் வாளி காலியாகக் கிடந்தது. அதை எடுத்து வந்து கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். இப்போது அவர் முகம் பலகைக்கு மேலே, அருமைநாயகத்தின் முகத்துக்கு நேரே இருந்தது. இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். இந்த முறை அருமைநாயகம் எழவில்லை. கிளாஸை மட்டும் நகர்த்தினார்.

“சீனி போதுமா சார்?”

அருமைநாயகம் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு சொன்னார்.

“சீனியே இல்ல மேடம் இதுல. கன்னியப்பன் மறந்துட்டான். ஆறியும் போச்சு.”

“போட்டேனே சார்!” வாசலிலிருந்து குரல் வந்தது.

“எங்கடே போட்ட? உன் கிளாஸ்ல போட்டிருப்ப.”

தாட்சாயணி சிரித்தார். அருமைநாயகமும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. கிளாஸைப் பலகைமேல் வைத்தார்.

“நேத்து அவரு இங்க பாதி உக்காந்தாரு மேடம்.”

“ம்.”

“கால் நடுங்கிச்சு. நாங்க முட்டி வலின்னு நெனச்சோம்.”

தாட்சாயணி பிளாஸ்க்கை மூடினார்.

“என்னப் பாக்கிறதுக்குத்தான் உக்காந்தாரா?”

அருமைநாயகம் எழுந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“கன்னியப்பா, கடப்பாரைய எடு. ஒடச்சிருவோம்.”

கன்னியப்பன் வந்து தரையைப் பார்த்தார், அருமைநாயகத்தைப் பார்த்தார்.

“ஒடைக்கலாம் சார். அடியில கேஸ் ஓடுது, தண்ணி ஓடுது, சாக்கடையும் ஓடுது. கசியாம இருக்க மருந்து வேற அடிச்சு வெச்சிருக்கோம். ஒடச்சு, எல்லாத்தையும் இறக்கிப் போட்டு, மறுபடி பூசி, காயவுட்டு...”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா முடியாதா?”

“எந்த ஞாயித்துக்கிழமை சார்?”

அருமைநாயகம் நாற்காலிகள் பக்கம் திரும்பினார்.

“நாற்காலிய ஒசரமாப் போட்டா?” என்றார்.

“கால் தொங்கும். வர்றதுல பாதிப் பேர் வயசானவங்க,” என்றார் தாட்சாயணி. “பலகையும் முட்டியில இடிக்கும்.”

“அவரு ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து வெட்டட்டும்.”

“மீன் வெட்டறவர் நின்னுதான் சார் வெட்டணும். இடுப்பு திரும்பணும்.”

“அப்ப நீங்க ஒரு வழி சொல்லுங்க மேடம்.”

“எனக்கும் தெரியலை சார்.”

சும்மா சொல்கிறாரா என்று அருமைநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

தாட்சாயணி பையை எடுத்துக்கொண்டார். “நிஷிமுராவைப் பார்த்துட்டு வந்துடறேன். இதை அவர்கிட்ட மறைக்கக் கூடாது.”

“என்ன மேடம் சொல்லப் போறீங்க?”

“பள்ளம் நிரம்பிடுச்சுன்னு.”

“எப்படின்னு கேட்டா?”

“நான் ஊர்ல இல்லைன்னு சொல்வேன்.”

“என் பேரச் சொல்லுங்க மேடம். நான்தான நெரப்பினேன்.”

“அவர் பேரைக் கேக்க மாட்டார் சார். ஞாயித்துக்கிழமை நடக்குமான்னுதான் கேப்பார்.”

அவர் போய்விட்டார்.

அருமைநாயகம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பலகை, பலகைக்குப் பின்னால் யாரும் இல்லை. டைல் மட்டும் பளபளத்தது. இப்படி ஒரு தரையைத் தொழிற்சாலையில் போட்டிருந்தால் மேலாளர் கை கொடுத்திருப்பார்.

வெளியே சாலையில் ஒரு டிரெய்லர் போனது. ஏதோ கம்பெனிக்கு மெஷின். கடை முழுக்க லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வில் அவருக்குப் பழைய வேலை ஒன்று ஞாபகம் வந்தது.

தகடு அழுத்தும் ஒரு பெரிய பிரஸ் மெஷின். அதற்குப் போட்ட கான்கிரீட் மேடை வேண்டிய உயரத்தைத் தாண்டிவிட்டது. மெஷினைத் தூக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. இறக்க முடியாது. வேலை செய்கிறவனுக்கு அதன் கைப்பிடி எட்டவில்லை. யாரும் மெஷினைத் தொடவில்லை. ஆள் நிற்கும் இடத்தில் மரத்தால் ஒரு தளம் போட்டு ஆளை உயர்த்தினார்கள். அந்தப் பிரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அருமைநாயகம் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். டேப்பை எடுத்தார்.

“கன்னியப்பா, இங்க வா. அந்த மர உத்தரத்துக்குக் கீழ நில்லு.”

“எதுக்கு சார்?”

“நில்லுடே. சல்லி மூட்டை மேல ஏறி நில்லு. தலை முட்டுதா?”

“முட்டல சார். முடி தட்டுது.”

“முடிதானே? போகட்டும்.”

தாட்சாயணிக்குப் போன் போட்டார்.

“மேடம், அவரக் கீழ எறக்க முடியாது.”

“தெரியும் சார். அதைத்தான் இங்க பேசிட்டிருக்கோம்.”

“வர்றவங்கள மேல ஏத்தலாமா?”

“நாற்காலி சரிவராதுன்னு சொன்னேனே சார்.”

“நாற்காலிய இல்ல மேடம். தரையையே. இந்தப் பக்கம் முழுக்க மரத்துல தரை. பலகையையும் கழட்டி அதே அளவு தூக்கிருவோம். அவரு நிமிர்ந்து நிக்கலாம், அவங்க சாதாரணமா உக்காரலாம்.”

“வாசல்?”

“வாசல்கிட்ட மட்டும் கொஞ்சம் எடத்தப் பழைய மட்டத்துலயே விட்டுருவோம். அங்க செருப்பக் கழட்டிட்டு ஏறட்டும்.”

அந்தப் பக்கம் தாட்சாயணி நிஷிமுராவிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வது கேட்டது.

“தலை இடிக்காதா சார்?”

“அளந்துட்டேன்.”

“நீங்க குள்ளம்.”

“கன்னியப்பன நிக்கவெச்சு அளந்தேன் மேடம். அவன் பனைமரம்லா.”

“மரத்துக்கு எங்க போறது இப்ப?”

“அத என்கிட்ட விட்டுருங்க.”

ஜப்பானிலிருந்து வரும் மெஷின்கள் பைன் மரப்பெட்டிகளில் வரும். பெட்டியைப் பிரித்த பிறகு அந்தப் பலகைகளைச் சாலையோரக் கிடங்குகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். எந்தக் கிடங்கில் எது நல்ல மரம் என்று அருமைநாயகத்துக்குத் தெரியும். எத்தனையோ மெஷின்களின் பெட்டியைப் பிரித்தவர். மாலைக்குள் ஒரு லாரி வந்து நின்றது.

தச்சர்கள் வந்தார்கள். கடைக்குள் ரம்பத்தூள் பறந்தது. தாட்சாயணி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் பலகை தேய்த்தார். அருமைநாயகம் அடியில் குறுக்குச் சட்டங்களை நெருக்கி நெருக்கி அடிக்கச் சொன்னார்.

“இதுமேல லாரியா ஓடப்போகுது?” என்றார் ஒரு தச்சர்.

“மனுசன் உக்காரப் போறான். லாரிய விடக் கவனமாச் செய்யணும்.”

விளக்குகளின் கயிற்றைக் குறுக்கினார்கள். தரை ஏறியதால் கூரை கொஞ்சம் இறங்கியதுபோல் ஆயிற்று. இடம் சின்னதாகி, நெருக்கமாகிவிட்டது. தாட்சாயணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“வார்னிஷ் அடிச்சிரலாமா மேடம்?”

“வேண்டாம் சார். காலுக்கு மரம் தெரியட்டும்.”

படியில் வைத்த பலகையில் மட்டும் கறுப்பு மையில் ஏதோ ஜப்பானிய எழுத்து. தேய்த்தும் போகவில்லை. அருமைநாயகம் அதைத் திருப்பிப் போட நினைத்தார். மறுபுறம் ஆணி அடித்த ஓட்டைகள். அப்படியே விட்டார்.

சனிக்கிழமை காலை நிஷிமுரா வந்தார்.

துணியை விலக்கி நுழைந்து, படியின் முன்னால் நின்றார். பலகையில் இருந்த எழுத்தைப் படித்தார். தோள் குலுங்கியது.

“என்ன மேடம் எழுதியிருக்கு?” என்று அருமைநாயகம் மெதுவாகக் கேட்டார்.

“‘உடையும் பொருள். பார்த்து வைக்கவும்.’”

“ஐயையோ. மாத்திரட்டுமா?”

“அவர் சிரிக்கிறார் சார். விடுங்க.”

நிஷிமுரா ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். மரத்தில் வெறுங்காலை வைத்து, விரல்களை விரித்துப் பார்த்தார். நடந்தார். சத்தம் வரவில்லை. எல்லா நாற்காலிகளையும் ஒருமுறை தொட்டுக்கொண்டே போனார். பலகையின் ஓரத்தில் தன் இடத்துக்கு இறங்கினார்.

“அண்ணா, உக்காரு.”

அருமைநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். உட்கார்ந்தார்.

நிஷிமுரா பலகையில் கை வைத்தார். முதுகு வளையவில்லை. ஒரு வெள்ளரிக்காயை எடுத்தார். இடுப்பிலிருந்து தோள், தோளிலிருந்து கை என்று வெட்டு வந்தது. வெள்ளரிக்காயில் உப்பைத் தூவி, கையாலேயே ஒரு தட்டில் வைத்து நகர்த்தினார். பிறகு நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

முழங்கால் மடங்கவில்லை. நின்றபடியே பார்த்தார். அருமைநாயகம் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

“சாப்பிடு.”

அருமைநாயகம் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

“உப்பு?”

“கொஞ்சம் கம்மி.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தாட்சாயணியைத் திரும்பிப் பார்த்தார். நிஷிமுரா அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உப்புக் கிண்ணத்தை எடுத்து இன்னொரு சிட்டிகை போட்டார்.

“இப்ப?”

“இப்ப சரி.”

“அண்ணா, நல்லாருக்கு,” என்றார் நிஷிமுரா. அவர் வெள்ளரிக்காயைச் சொல்லவில்லை. காலால் தன் தரையை ஒருமுறை தட்டினார். கையால் அருமைநாயகத்தின் பக்கத்துத் தரையைக் காட்டினார்.

வாசலில் கன்னியப்பன் பெருமூச்சு விட்டது உள்ளே கேட்டது. அவர் கையில் ஒரு தைலப் பாட்டில் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வந்தார்கள். வாசலில் ஷூக்களைக் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி வரிசையாக வைத்தார்கள். படியில் எழுத்தைப் படித்து ஒவ்வொருவரும் சிரித்தார்கள். ஏறி உட்கார்ந்தார்கள். பலகைக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

நிஷிமுரா தலை வணங்கினார். நிமிர்ந்து, வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். அவசரமே இல்லை. பிறகு ஏதோ கேட்டார்.

அருமைநாயகமும் தாட்சாயணியும் செருப்பு வைக்கும் இடத்தில் சுவரோரமாக நின்றிருந்தார்கள்.

“என்ன கேக்காரு மேடம்?”

“கேரட்டை ஒதுக்கி வைக்கறது யாருன்னு கேக்கறார்.”

“அது அவருக்கு எப்படித் தெரியும்?”

“தட்டு திரும்பி வருமே சார். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிஞ்சது தட்டுதான்.”

ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்போலக் கையைத் தூக்கினார். நிஷிமுரா அவர் எதிரே போய் நின்றார். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஏதோ சொன்னார். நிஷிமுரா சிரிக்க, மற்றவர்களும் பலகையைத் தட்டிச் சிரித்தார்கள்.

“மன்னிப்புக் கேக்காரா?”

“இல்லை. இப்பவும் பிடிக்கலைங்கறார்.”

அடுத்து நிஷிமுரா, தட்டை ஒரு பருக்கை இல்லாமல் துடைத்து அனுப்புவது யார் என்று கேட்டார். ஓர் அம்மாள் கை தூக்கினார். நிஷிமுரா அவர் எதிரே போய், நெற்றி பலகையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்.

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “வெளிய போவோம் மேடம். நமக்கு இங்க என்ன வேலை.”

வெளியே நல்ல வெயில். கன்னியப்பன் வேப்பமரத்தடியில் பைக்கின்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் விட்டு விட்டு வந்தன. அருமைநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டார். வார் சரியாக இருந்தும் குனிந்து அதைச் சரிசெய்தார்.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“திங்கக்கிழமை நான் வரணுமா?”

“வேற எங்கயாவது போறீங்களா?”

“இல்ல.”

“அப்ப வாங்க. வாலாஜாபாத்ல அடுத்த கடை வேலையைத் தொடங்கணும்.”

அருமைநாயகம் நிமிர்ந்தார். சாலையில் போன லாரியைப் பார்த்தார். அது போன பிறகு கேட்டார்.

“அந்த வரைபடத்தப் பாத்தேன் மேடம். அதுலயும் ஒரு எடத்துல பள்ளம் விட்டுருக்கீங்க.”

“ஆமா.”

“அத நெரப்பணுமா, அப்படியே விடணுமா? இப்பமே சொல்லிருங்க.”

தாட்சாயணி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“முதல்ல அதுல இறங்கி நில்லுங்க சார்.”